பால்சுறா வந்த வாரம்

மகள் பிறந்த பதினெட்டாம் நாள், நர்சம்மா அவளை அங்கன்வாடித் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறந்த எடைக்கே அவள் இன்னும் வந்து சேரவில்லை.

"பால் பத்தலை போலம்மா. ஒரு வாரம் பாக்குறேன். ஏறலேன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவேன்" என்றார்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற டீச்சர் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் துணியில் சுற்றினேன். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

என் அம்மா அழவில்லை, போனை எடுத்தார். கட்டுமாவடியிலிருந்து எங்கள் ஊருக்கு வண்டியில் வரும் மீன்காரரிடம், பால் ஊறுவதற்குக் கொடுக்கும் பால்சுறா வேண்டும் என்று குசுகுசுவென்று சொன்னார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. மறுநாள் காலை மீன்காரருக்கு வீடு மறந்துவிட்டது. ஆனால் வண்டியில் மைக் இருந்தது.

"நேத்து பால்சுறா கேட்ட வீடு எதுங்க? பச்சப்புள்ளைக்குப் பால் பத்தலைன்னு சொன்ன ஆத்தா, கொஞ்சம் வெளிய வாங்க!"

மூன்று தெருவுக்குக் கேட்டது. அம்மா அசையவில்லை. மூன்றாம் அழைப்பில், மீன் கெட்டுவிடுமே என்று சட்டியோடு போனார்.

மத்தியானத்திலிருந்து ஊரே சுறா கொண்டுவந்தது. எதிர்வீட்டு அக்கா புட்டு, பின்வீட்டு அத்தை குழம்பு. மீன் தொடாத வீட்டிலிருந்துகூடப் பூண்டு உரித்து வந்தது. என் பெயரே தெரியாத ஒருவர் இரண்டு தூக்குச்சட்டிகளோடு நின்றார். காலையில் இட்லிக்குச் சுறா, ராத்திரி கஞ்சிக்கும் சுறா. ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் வைக்க இடமில்லை.

கொண்டுவந்தவர்கள் தட்டு காலியாகும்வரை நகர மாட்டார்கள். "நீ சாப்புடு தாயி, புள்ளைய இங்கிட்டுக் குடு" என்பார்கள். மகள் மடி மாறிக்கொண்டே இருந்தாள். அழுதால் தோளில் போட்டுத் தட்டினார்கள், அசந்து தூங்கினால் வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து முள் பேருக்கு அசைந்தது. பக்கத்து மெஷினில் ஏறிய நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். தினமும் என்ன செய்கிறீர்கள் என்று நர்சம்மா கேட்டதும் சுறாக் கணக்கை ஒப்பித்தேன்.

"நீங்க சாப்புட்டதெல்லாம் சரிம்மா. புள்ள எப்ப சாப்புட்டுச்சு?"

யோசித்தேன். முந்தின நாள் நான்கே தடவை.

"புள்ள வாய் வச்சாத்தாம்மா ஊறும்." பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். "மூணு நாள் பாப்போம்."

அம்மா வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுறாவை வாங்கிக்கொண்டார், ஆளை மட்டும் உள்ளே விடவில்லை. அறையில் நானும் மகளும்தான். அழுமுன்னே எடுத்தேன், தூங்கினால் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் தொண்டையில் 'களுக் களுக்' என்று சத்தம் கேட்டது. அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் முள் நன்றாகவே ஏறியது. நர்சம்மா சிரித்தார். அம்மா கைகூப்பினார்.

"எல்லாம் அந்தச் சுறா செஞ்ச வேலைங்க."

மறுத்துப் பேச வாயெடுத்தேன். மூன்று நாளும் வெயிலில் காவல் இருந்தவர் அவர். வந்த சுறாவை வீணாக்க மனமில்லாமல் ஒண்டியாளாகத் தின்று தீர்த்தவரும் அவர்தான்.

"ஆமாம்மா" என்றேன்.