ஸ்டோர்க்கார மாமன்

என் அம்மா பாலில் தண்ணீர் கலந்தாள் என்று முப்பத்து மூன்று வருஷங்களுக்கு முன் மேனேஜரிடம் சொன்னவர் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. என் தாய்மாமன் குழந்தைவேலு. எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். இதை நான் இன்னும் செரிக்கவில்லை. செரிக்கப்போவதுமில்லை.

பால் என்றால் ரப்பர் பால். பாடாங் செராய்க்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டம் எங்களுடையது. படித்தவர்களைக் கேட்டால் ஸ்டோர் என்றால் கடை என்பார்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஓர் ஊசிகூட வாங்க முடியாது. மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குகிறவர்கள், அந்தப் பாலைக் கொண்டுவந்து நிறுத்துப் போடுகிற தகரக் கொட்டகைக்குத்தான் ஸ்டோர் என்று பேர். உரமும் மண்வெட்டியும் வைத்திருந்த கட்டடமும் ஸ்டோர்தான், ஆனால் அதை மருந்து ஸ்டோர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் ஸ்டோர் என்றால் பால் ஸ்டோர். "அம்மா எங்கடா?" என்று யாராவது கேட்டு, "ஸ்டோர்ல" என்று நான் சொன்னால், மணி பதினொன்று ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஸ்டோருக்கு மாமன் பொறுப்பு. ஒவ்வொருவர் வாளியிலிருந்தும் ஒரு குவளை பால் எடுப்பார். வாளிக்காரரின் எண் அடித்த தகரத் துண்டை அந்தக் குவளைக் காதில் மாட்டி வரிசையாக வைப்பார். பிறகு பாலின் கெட்டியை அளக்கும் கண்ணாடி மானியை ஒவ்வொன்றிலும் மிதக்கவிட்டுப் பார்ப்பார். நல்ல பாலில் மானி இறங்கி நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் எம்பிக்கொண்டு நிற்கும். அவர் சொன்னால் சொன்னதுதான். கணக்கெழுதும் கிராணிகூட மறுபடி அளக்கமாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

அன்று மேனேஜரே ஸ்டோருக்கு வந்திருந்தார். மழைக்காலம். பால் குறைவு. ஆளுக்கு ஆள் வாய்க்கால் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். முப்பத்தொன்றாம் நம்பர் குவளையில் மானி எம்பியது. முப்பத்தொன்று என் அத்தை சிகப்பி, மாமனின் மனைவி. ஏற்கனவே இரண்டு முறை பிடிபட்டவள். மூன்றாம் முறை என்றால் வேலை போகும். ஸ்டோர்க்காரன் பெண்டாட்டியே தண்ணீர் கலக்கிறாள் என்றால் மாமனின் வேலையும் போகும். போதாததற்கு அத்தை ஐந்து மாதம்.

பக்கத்துக் குவளை நாற்பத்தேழு. அது அம்மா. வரிசையின் மறுமுனைக்குப் போயிருந்த மேனேஜர் திரும்பி வருவதற்குள் மாமன் இரண்டு தகரத்தையும் மாற்றி மாட்டிவிட்டார். வாளியோடு நின்ற அம்மா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"யாரோடது வேலு?"

"அழகம்மாவோடது சார்."

அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் கேட்டபோது சொன்னாள்: "அவ வயித்துப் புள்ளகாரிடா. எனக்கு இது மொதத் தடவ. ஒரு வார்னிங் குடுப்பான், வாங்கிக்குவோம்னு நெனச்சேன். அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

இருவர் நினைப்பும் தப்பு. தம்பிக்காரன் அக்காவைப் பொய்யாகக் காட்டிக்கொடுப்பானா என்றுதானே எல்லாரும் யோசிப்பார்கள்? மேனேஜரும் அப்படித்தான் யோசித்தார். "சொந்தத் தம்பியே சொல்றான், அப்பறம் என்னா விசாரணை?" என்று சொல்லி அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். யூனியன்காரரும் அதையே சொல்லிக் கையை விரித்தார்.

அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்கு வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மாமன் வந்து உண்மையைச் சொல்லுவார் என்று அம்மா மூன்று நாள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் எங்கள் சாமான்களை டிராக்டரில் ஏற்றினோம். ஸ்டோரைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன். கதவு உட்பக்கமாகச் சாத்தியிருந்தது.

கோத்தா கோலா மூடாவில் அம்மா மீன் கழுவினாள். நான் பாரம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டு மீன் பெட்டி தூக்கினேன். இப்போது கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். என் மகள் லோகேஸ்வரிக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது. "அப்பா, ஸ்டோர்னா போன்ல இருக்கறதுப்பா. கேம் எறக்கறது."

ரப்பர் போய்த் தோட்டம் செம்பனையாக மாறியதும் மாமன் பாடாங் செராயில் ஒரு கடை போட்டார். துடைப்பம், சூடம், எவர்சில்வர் தட்டு, புத்தகப் பை. பலகையில் 'கே.வி. ஸ்டோர்'. கடைசியில் படித்தவர்கள் சொன்ன ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார். நான் போனால் கல்லாவை விட்டு எழுந்து வருவார்.

"வா மருமவனே. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம். நீங்க எப்ப மாமா சொல்லப்போறீங்க?"

"சொல்லலாம்லா. ஒங்க அத்த இருக்காளே, காதுல விழுந்தா தாங்கமாட்டா."

அத்தை போய்ச் சேர்ந்தாள். அடுத்து, "பேரப்புள்ளைங்க இருக்கேடா" என்றார்.

அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது. தோட்டத்துக் கோயில் மட்டும் இன்னும் இருக்கிறது. வருஷம் ஒருமுறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். அவள் மட்டும் போகமாட்டாள். அங்கே அவளுக்குத் 'தண்ணிப்பால் அழகம்மா' என்று பேர். அதை அந்த ஆட்கள் முன்னாலேயே தம்பி வாயால் கழுவ வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

போன வருஷம் மாமனே போன் போட்டார். "அக்காவக் கூட்டிட்டு வா. மைக்குல சொல்லிடறேன்."

அம்மா புதுச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். அன்னதானத்துக்கு முன் மாமன் மைக்கைப் பிடித்தார்.

"இது எங்கக்கா அழகம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "தெரியாமயா? தண்ணிப்பாலு!"

கொட்டகையே சிரித்தது. மாமன் அம்மாவைப் பார்த்தார். தன் மகன் சசிதரனைப் பார்த்தார்.

"எங்கக்கா... எங்கக்கா இந்த அன்னதானத்துக்கு நாப்பது கிலோ அரிசி குடுத்திருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, "நான் எப்படா அரிசி குடுத்தேன்?" என்றாள்.

இந்த வருஷம் மாமன் படுக்கையில் விழுந்துவிட்டார். கடையை மூடி, சுங்கைப் பட்டாணியில் மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சசிதரனின் மனைவி சாந்தினி போன் செய்தாள். "அண்ணே, மாமா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. அம்மாவயும் கூட்டிட்டு வரச் சொல்றாரு."

போனேன். "எங்க இருக்காரு?" என்றேன்.

"ஸ்டோர்லண்ணே." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாடி ஏற முடியல, அதான்."

சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டையும் உடைந்த காற்றாடியும் போட்டுவைக்கிற அறை. ஜன்னல் இல்லை. ஒரு மடக்குக் கட்டிலில் சுருங்கிக் கிடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா எப்படிடா இருக்கு?"

"இருக்கு."

"வரச் சொன்னேனே, கேட்டியா?"

"கேட்டேன். போன வருஷம் கை தட்டு வாங்கினது போதும்னுச்சு."

"இந்தத் தடவ நெசம்டா. சசிதரன நிக்க வச்சி, இந்தப் புள்ளைய நிக்க வச்சி, நான்தான் தகரத்த மாத்துனேன்னு சொல்லிடறேன். அக்கா எதிர்ல இருக்கணும்."

"இப்பவே சொல்லுங்க. ரெண்டு பேரும் வீட்லதான் இருக்காங்க. நான் போன்ல பிடிச்சிக்கறேன், அம்மா கேட்டுக்கும்."

அவர் சுவர்ப் பக்கம் பார்த்தார். "போன்ல வேணாம்லா. அது மொகத்தப் பாக்கணும்."

நான் எழுந்துவிட்டேன். என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"உசுரோட இருக்கேன்னா அக்கா வராதுடா. நான் செத்துட்டேன்னு சொல்லு. நாளைக்கி மத்தியானம் எடுக்கறாங்கன்னு சொல்லு. அப்பத்தான் இன்னிக்கே கெளம்பும்."