வழி விடாத உப்பு லாரி

கால் மரத்துப்போச்சு என்று அத்தான் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டில் மீன் கழுவச் சொல்வார்கள் என்று நடிக்கிறார் என்றேன். அவர் தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். வேறு யாருடைய காலையோ தூக்கி வைக்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

என் பெயர் ஜெனிஸ். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒன்பதாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. கார் ஓட்டிப் பிழைக்கிறேன். கார் என்னுடையது இல்லை, துபாயில் இருக்கிற காயல்பட்டினத்துக் காக்கா ஒருவருடையது. அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஹைபிரிட் வண்டி. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. சொருகிச் சார்ஜ் போட வேண்டாம், ஓட ஓட அதுவே ஏற்றிக்கொள்ளும். பெட்ரோல் தீர்ந்தாலும் பேட்டரியில் ஊர் போய்ச் சேரலாம் என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன தை மாதம் அது. திருச்செந்தூருக்குச் சாமி கும்பிட வந்தவர்களை ஏற்றி இறக்கி, இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கீழவைப்பாரில் அக்கா வீட்டில் படுக்கலாம் என்று போனேன். பெட்ரோல் விளக்கு அப்போதே எரிந்துகொண்டிருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தான் சங்கு குளிக்கிறவர். படகில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், அதை வைத்துக் கடலுக்கடியில் மூச்சு விடுவார். அன்று குழாய் எங்கேயோ மடங்கிவிட்டது. பயத்தில் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது. ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும், கை கால் விழுந்துவிடும். சீக்கிரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தால் கால் திரும்பும். தாமதித்தால் திரும்பாது. எங்கள் கரையில் இது எல்லாருக்கும் தெரியும்.

ஆம்புலன்ஸ் வேறு ஆளை ஏற்றப் போயிருந்தது. அத்தானைப் பின் சீட்டில் கிடத்தினோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலையை எடுத்தாள். தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். வழியில் இருந்த பங்கில் கரண்ட் இல்லை, பெட்ரோல் அடிக்க முடியாது என்று கை விரித்தார்கள். இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டுகிற இடத்தில் சைபர் வந்துவிட்டது. ஏசியை அணைத்தேன். எனக்குக் கண் எரிந்தது. அழக்கூடத் தெம்பு இல்லை.

அப்போதுதான் அந்த உப்பு லாரி முன்னால் வந்து சேர்ந்தது. தலைக்கு மேல் பாரம். ஊர்ந்துகொண்டு போகிறது. மழையில் ரோட்டு ஓரம் அரித்துப்போய், இரண்டு பக்கமும் உப்பளத்துத் தண்ணீர். எதிரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. ஹாரன் அடித்தேன். டிரைவர் கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினார். தார்ப்பாயிலிருந்து உப்புத் தண்ணீர் என் கண்ணாடியில் தெறித்தது.

"மாதாவே, இந்த லாரிய எங்கனயாவது ஓரமா ஒதுக்கித் தாங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்று வாய்விட்டே கேட்டேன்.

பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "ஏலே, நீ அடிச்ச ஹாரனுக்கு ஒரு மாலையே முடிச்சிருக்கலாம். சேந்து சொல்லுல."

சொன்னேன். எப்போதும் அவள் இழுத்து இழுத்துச் செபம் சொல்வதைக் கேலி செய்கிறவன், அன்று அதே இழுவையில் சொன்னேன். லாரி ஒதுங்கவில்லை. நடுநடுவே என்ஜின் சத்தம் வேறு நின்று நின்று போனது. ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்று நினைப்பேன். வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அத்தான் ஒரே ஒரு தடவை பேசினார்.

"மாப்ள, தூங்கிராதல. நான் காலத்தான் குடுத்திருக்கேன், உசுரக் குடுக்கல."

ஊர் எல்லையில் லாரி துறைமுகத்துப் பக்கம் திரும்பியது. நாங்கள் நேராகப் போனோம். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆட்டோ ஸ்டாண்டு முன்னால் கார் நின்றது. ஆட்டோக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கால் வந்திருக்காது என்றார் டாக்டர்.

காக்காவுக்குப் போன் போட்டேன். லாரியைத் திட்டித் தீர்த்தேன். முழுசும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அடேய், பெட்ரோல் இல்லாம வெறும் பேட்டரில ரெண்டு தெருகூடத் தாண்டாது. நீ மெதுவாப் போனதால என்ஜின் அடிக்கடி அணைஞ்சு, மிச்ச பெட்ரோல் அவ்வளவு தூரம் வந்திருக்கு. லாரிய முந்தி மிதிச்சிருந்தேன்னா நடு உப்பளத்துல நின்னிருப்ப. இறைவன்தான் உன் முன்னால லாரிய விட்டிருக்கான்."

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் ஒதுக்கச் சொல்லிக் கேட்ட லாரியே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. என் செபத்தை மாதா கேட்டபடியே தந்திருந்தால் அத்தானுக்குக் கால் இல்லை.

அத்தான் இப்போது நடக்கிறார். லேசாக இடது பக்கம் சாய்வார். இண்டிகேட்டர் போட்டுட்டு நடங்க என்பேன், என்மேல் எறியச் செருப்பைத் தேடுவார். கடலுக்கு அடியில் போவதில்லை. நான் பாதி டேங்குக்குக் கீழே விடுவதில்லை. சாயங்காலம் அக்கா செபமாலை சொன்னால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் கூட உட்காருகிறேன். அதே இழுவைதான். இப்போது பிடித்திருக்கிறது.

நீங்களும் எதையோ விலக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோயிருப்பீர்கள். ஹாரன் அடியுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் பின்னாலேயே போங்கள். முன்னால் போகிற வண்டியை யார் அனுப்பியது என்று ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.