மேனாம்பேட்டில் இறங்கிய மட்டன் பிரியாணி

1. போன்

மேனாம்பேட்டில் எங்கள் மேனேஜர் சந்துரு சாருக்குப் புதுமனை புகுவிழா. டீம் முழுக்கப் போயிருந்தது. சப்போர்ட்டுக்கு ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் அம்பத்தூர் ஆபீசில் விட்டுவிட்டார். விழா வீட்டிலிருந்து அவரே போன் செய்தார்.

"கலா, ஹோமமே இன்னும் முடியல. வாசல்ல மட்டன் பிரியாணி வந்து இறங்குது! மாமனார் வீட்டுக்காரங்க எழுந்து போறேங்கறாங்க. உன் ஆப் என்ன பண்ணித் தொலைச்சுது?"

அதுவரை அது 'நம்ம ஆப்'. எனக்கோ அடுத்த வாரம் அப்ரைசல்.

2. பழைய காப்பி

சமையல் கான்ட்ராக்டர் மணிக்கு நாங்கள் செய்து கொடுத்த ஆப் அது. ஒரு விசேஷத்துக்கு டேட்டாபேஸில் ஒரு டாகுமென்ட். அதைத் திறந்தால் பிரவுசருக்கு ஒரு காப்பி வரும். அதைத்தான் ஸ்டேட் என்போம். சேவ் அமுக்கினால் காப்பி முழுசாகத் திரும்பிப் போய் டாகுமென்ட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தன் விழாச் சமையலுக்குச் சந்துரு சார் மணியிடம் முதலில் சொன்னது மட்டன். மாமனார் முறைத்ததும் சைவமாக மாற்றச் சொன்னார். மணியின் பூந்தமல்லி ஆபீசில் இருந்த பெண் மாற்றிவிட்டாள். மணியின் லேப்டாப்பிலோ பழைய காப்பி திறந்தபடியே கிடந்தது. அதில் கதவு எண்ணை மட்டும் திருத்தி சேவ் செய்தார். சைவம் மறுபடி மட்டனாகி, சரியான கதவு எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

"இன்னா மேடம், கறிய நான் தொடவே இல்ல!" என்றார் மணி போனில். "ரிஃப்ரெஷ்ஷா? அத்த அமுக்குனா அடிச்சு வச்சதெல்லாம் பூடுதே!"

அதுவும் உண்மைதான். அதையும் நாங்கள்தான் செய்திருந்தோம்.

"இப்ப அங்க சாப்பாட்டுக்கு என்னண்ணே வழி?"

"நெமிலிச்சேரி வளைகாப்புக்கு சாம்பார் சாதம் ஜாஸ்தியாவே கிண்டிக்கீறேன். எட்த்தாந்து எறக்கிடறேன். பிரியாணிய உங்க ஆபீசாண்ட அனுப்பட்டா?"

மாமனார் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இங்கே வாட்ச்மேன் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

3. அப்ரைசல்

மாற்றிய விவரத்தை மட்டும் அனுப்புவோம், திறந்த பிறகு வேறு யாராவது டாகுமென்ட்டை மாற்றியிருந்தால் சேவ் ஆகாமல் தடுப்போம் என்று நான் முன்பே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். "அதெல்லாம் அப்புறம்மா. சேவ் பட்டனைப் பச்சையாக்கு, கிளையன்ட் கேக்கறார்" என்றார் சந்துரு சார். ஆக்கினேன். அந்தப் பச்சையை அமுக்கித்தான் மணி மட்டனை வரவழைத்தார். பிரியாணி வந்த மறுநாளே அந்த வேலைக்கு நேரம் கிடைத்தது.

அப்ரைசலில் சார் எழுதினார்: 'நெருக்கடியில் நன்றாகச் செயல்படுகிறார். பிரச்சினைகளை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப் பழக வேண்டும்.'

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: திரையில் இருப்பது காப்பி, டேட்டாபேஸில் இருப்பதுதான் அசல். மேனேஜரின் தலைக்குள் இருப்பதும் காப்பிதான், அவரும் ரிஃப்ரெஷ் செய்யாமல் சேவ் அமுக்குவார். சொல்வதை மெயிலில் சொல்லுங்கள்.