முக்காலியின் சூடு

எங்கள் மேனேஜர் கேட்டுக்கு நூறடி இருக்கும்போதே வண்டியை அணைத்துவிடுவான். சரிவில் சத்தமில்லாமல் உருண்டு வந்து காலை ஊன்றி நிறுத்துவான். வணக்கம் வைக்கிற காவலாளியின் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டான். நேரே அவன் முதுகுக்குப் பின்னால் போய், அங்கே கிடக்கிற முக்காலியின் மேல் உள்ளங்கையை வைப்பான். காய்ச்சல்காரன் நெற்றியில் வைக்கிற மாதிரி, மெதுவாக.

"சூடா இருக்கே."

"வெயில் சார்."

"வெயில் அந்தப் பக்கம் அடிக்குது. நிழல்ல கிடக்கிற முக்காலிக்கு எப்படிடா காய்ச்சல் வந்துச்சு?"

அவ்வளவுதான், அரை நாள் சம்பளம் போச்சு.

இதனால் அவனுக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். "தெர்மாமீட்டர் கிளம்பிடுச்சு" என்று முதல் கேட்டிலிருந்து இரண்டாவது கேட்டுக்குப் போன் பறக்கும். ஒப்பந்தப்படி அந்த முக்காலி உட்காருவதற்கு இல்லை, வண்டிகள் வந்துபோகிற பதிவேட்டை வைப்பதற்கு. பன்னிரண்டு மணி நேரம் பதிவேடு உட்கார்ந்திருக்கும், நாங்கள் நிற்போம்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது கேட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புழு மாதிரி சுருண்டு கிடக்கும். ஈரத்துணி வைத்தியத்தைக் கண்டுபிடித்தது அவர்தான். கேட்டுக் கம்பியில் எப்போதும் ஒரு துணி நனைந்து தொங்கும். போன் வந்ததும் எழுந்து, முக்காலியை இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்தால் காய்ச்சல் இறங்கிவிடும். "நம்ம டாக்டருக்கு நாமதான் மருந்து கண்டுபிடிக்கணும்" என்பார்.

நானும் தெர்மாமீட்டரும் ஒரே நாளில்தான் இந்தக் கம்பெனியில் சட்டை வாங்கினோம். பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவன், அவன் ஒன்பதாவது. அந்த நாலு வகுப்புதான் வித்தியாசம். அறிக்கை எழுதத் தெரிந்தவன் என்று அவனைத் தூக்கி மேனேஜர் ஆக்கினார்கள். ஆட்கள் முன்னால் அவன் எனக்கு சார். தனியாக இருந்தால் வாடா போடா.

அவன் கைப்பையைத் திறந்து காட்டினால் அவன் உத்தியோகம் விளங்கிவிடும். நாலு விசில், இரண்டு தொப்பி, ஒரு கட்டு மலிவு ரேசர். தாடியோடு வந்தவனை கேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், தண்ணீர்கூட இல்லாமல் சிரைக்க வைப்பான். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு காவலாளிச் சட்டை. அது அவன் அளவு.

அந்தச் சட்டை எதற்கு என்று ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி கேட்டேன்.

"எவனாவது வராம போனா நானே மாட்டிக்கிட்டு நிக்கத்தான்."

"மேனேஜர் நிக்கலாமா?"

"நிக்கக் கூடாது. வெளிய தெரிஞ்சா ஒப்பந்தமே போயிடும். ஆனா இடம் காலியா கிடந்தா என் சம்பளத்துல வெட்டு. உனக்கென்னடா, மாசம் பொறந்தா இவ்வளவுன்னு எழுதி வச்சிருக்கு. எனக்கு நிக்கிற தலைக்கு இவ்வளவு. கார்டு உட்கார்ந்தான்னு கடிதாசு வந்தா வெட்டு. சேர்ந்தவன் மூணு மாசத்துல ஓடிட்டா, அவன் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் என் கணக்கு. என் சம்பளம் என் மண்டையில இல்லடா. உன் முட்டியில இருக்கு."

சொல்லிவிட்டு என் முழங்காலைத் தட்டினான். எனக்கு வலித்தது.

அதே கம்பெனியில் வங்கிகளைப் பார்க்கிற மேனேஜருக்குக் கீழே ஒன்பது பேர்தான். துப்பாக்கிக்காரர்கள். அந்த ஆளுக்கு இவனைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம், கார் வேறு. இவனுக்குக் கீழே நாற்பத்தாறு பேர், கையில் குச்சி. காக்கிற பொருளுக்கு என்ன விலையோ அதுதான் காக்கிறவன் விலையும், அவனை மேய்க்கிறவன் விலையும். நாங்கள் காத்தது டயர் கிடங்கு.

கூலியைக் கூட்டிக் கேளுங்கள் என்று நாங்கள் போனபோதெல்லாம் எங்களுக்கு எதிராகப் பேசியவன் இவன்தான். "உங்களுக்கு ஏத்தினா கம்பெனி ரேட் ஏறும். ரேட் ஏறினா அடுத்தவன் உள்ள வருவான். அப்புறம் உங்களுக்கும் எனக்கும் நாமம்தான்." அதில் பொய் இல்லை. அதுதான் அதிகமாக எரிந்தது.

மேனேஜர் ஆனபிறகு மாடி வீட்டுக்குக் குடிபோனான். குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிற வீடு. மகளை ஆய்வுக்கூடப் படிப்பில் சேர்த்தான். அவன் மனைவி தினமும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா செருகி அனுப்புவாள். "எங்க வீட்டுக்காரருக்கு வெயில்ல நிக்கிற வேலை போயிடுச்சு" என்று என் மனைவியிடம் ஒரு தடவை சொன்னாளாம். என் மனைவி அதை மூன்று நாள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தது. மேலிடம் அவனைக் கூப்பிட்டு இரண்டே பேச்சுப் பேசியது. ஒன்று, செலவு கையைக் கடிக்கிறது, சாப்பிடப் போகிறவனை மாற்றிவிடுகிற ஆட்களை நிறுத்திவிடுகிறோம். இரண்டு, புது ஒப்பந்தம் போடுகிறவரை ஒரு இடம் காலி, ஒரு புகார் என்று கிடங்கிலிருந்து காகிதம் வரக் கூடாது. வந்து, ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் நீயும் போ. ஐம்பத்தொரு வயதில் அவனுக்கு வேறு எங்கே மேனேஜர் நாற்காலி?

அன்றிலிருந்து அவனே மாற்றுக்காரன் ஆனான். ஒருவன் சாப்பிடப் போனால் கேட்டில் இவன். ஒருவன் ஒதுங்கப் போனால் இவன். அவசரத்தில் மாட்டிய காக்கிச் சட்டைக்குள்ளிருந்து வெள்ளைக் காலர் எட்டிப் பார்க்கும். கூப்பிட்டு உள்ளே தள்ளிவிடச் சொல்வேன். "இருக்கட்டும்டா, அதாவது வெளிய தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே தள்ளிக்கொள்வான்.

ஒரு நாள் காலையில் பெரியவர் வந்து நின்றார். காலில் புண் வெடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

"போயிட்டு வாங்க பெரியவரே. வந்ததா எழுதிக்கறேன். உங்க இடத்துல நான் நிக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். இடம் காலி என்றால் அவனுக்கும் வெட்டு என்பது இருக்கட்டும். சொல்லும்போது முகத்தில் கணக்கு இல்லை. பார்த்தவன் நான்.

காலை ஏழு மணிக்கு நின்றவன் மதியம் இரண்டு வரைக்கும் நின்றான். வருடக்கணக்காய் மற்றவர்கள் நிற்பதை அளந்தவன், அன்றைக்குத்தான் மறுபடியும் ஏழு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று பார்த்தான். அதற்குமேல் முடியாமல் பதிவேட்டைத் தரையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து கிடங்கு அதிகாரி ஒரு படம் பிடித்தார்.

மறுநாள் கடிதாசு வந்தது, படத்தோடு. தொப்பி தெரிந்தது, முட்டி தெரிந்தது, முகம் தெரியவில்லை. 'இரண்டாவது கேட்டில் உட்கார்ந்திருந்த காவலாளி மீது என்ன நடவடிக்கை?'

உட்கார்ந்தது நான்தான் என்று அவன் எழுதினால், மேனேஜர் கேட்டில் நின்றது வெளியே வரும், ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்தது. வருகையில் இருந்த பெயர் பெரியவருடையது. அவர்மேல் ஏற்கெனவே இரண்டு கடிதாசு. மூன்றாவது வந்தால் ஆளை வேலையிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது விதி.

ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்று பிறகு சொன்னான். யோசித்தானோ என்னவோ, உட்கார்ந்தது பெரியவர் என்று எழுத அவனுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அழகான கையெழுத்து. ஒன்பதாவது வரை படித்தவன் அல்லவா. கீழே சாட்சி என்று ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினான். நான் போட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்காது.

பெரியவர் கட்டுப்போட்ட காலோடு வந்தார்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில்ல இருந்தேன்? நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"மெதுவா பேசுங்க பெரியவரே."

"எங்க சார் நான் உட்கார்ந்தேன்? டாக்டர் மேசையில படுத்தில்ல கிடந்தேன்!"

"எனக்கு வேற வழி தெரியல. ரெண்டு மாசம் பொறுங்க. ஒப்பந்தம் கைக்கு வரட்டும், திரும்ப எடுத்துக்கறேன்."

பெரியவர் சட்டைப் பித்தான்களை அவிழ்க்க ஆரம்பித்தார். "முக்காலியைத் தொட்டுப் பார்த்தீங்களா சார்? அதுல என் சூடா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே பனியனில் மூன்று ஓட்டை. அப்படியே நடந்து போனார்.

ஒப்பந்தம் கைக்கு வரவில்லை. வேறொரு கம்பெனி ஏதோ சில்லறை வித்தியாசத்தில் தட்டிக்கொண்டு போனது. இத்தனைக்கும் புகார் ஒன்றே ஒன்று, அதற்கும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது.' அதையெல்லாம் அங்கே யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரேட்டைத்தான் பார்த்தார்கள்.

இந்தத் தொழிலில் கம்பெனி மாறினால் காவலாளி மாறமாட்டான், சட்டைதான் மாறும். காக்கி போய் நீலம் வந்தது. அதே கேட், அதே குச்சி. மேனேஜருக்கு மட்டும் மாற்றுச் சட்டை கிடையாது. புதுக் கம்பெனி தன் மேனேஜரைக் கூட்டிவந்தது. முப்பது வயதுக்காரன், நல்ல வண்டி.

பட்டியலைச் சரிபார்த்தபோது ஒரு தலை குறைந்தது. இரண்டாவது கேட், பகல் நேரம். "ஆள் இருக்கா?" என்று புது மேனேஜர் கேட்டான். எங்கள் கூட்டத்துக்குப் பின்னால், பழைய காக்கிச் சட்டைகளை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஒரு சட்டை குறைந்தாலும் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். தன் பைக்குள் கிடந்ததையும் எடுத்து மூட்டையில் போட்டு முடிச்சுப் போட்டான். பிறகு கையைத் தூக்கினான்.

அது நாலு மாதத்துக்கு முன்னால். வீட்டிலிருந்து இன்னும் வெள்ளைச் சட்டையில், இரண்டு பேனாவோடுதான் கிளம்புகிறான். கேட்டுக்குப் பின்னால் வந்து நீலத்துக்கு மாறிக்கொள்கிறான். ஆட்கள் அவனை முகத்துக்கு நேராகவே தெர்மாமீட்டர் என்கிறார்கள். அவனும் என்னடா என்கிறான்.

நேற்று மதியம் பதிவேடு கொடுக்க இரண்டாவது கேட்டுக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கால்விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பெரியவரைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன். வாசல்ல நிக்க வச்சே பேசி அனுப்பிட்டார்."

"உட்காரச் சொல்லலையா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. முதல் கேட். புது மேனேஜர் கிளம்பிவிட்டானாம்.

துள்ளி எழுந்தான். ஷூவுக்குள் காலைத் திணித்தான். கேட்டுக் கம்பியில் தொங்கிய ஈரத்துணியை உருவி முக்காலியை இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்தான். துடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை துடைத்தான்.