அண்ணனுக்கு அள்ளிக் கொடுத்த பிடிமண்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பிழைகளும் இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினால், பொரபொரவென்று உதிர்ந்து, வறுத்த பயறு போல ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்தால் இன்றும் கையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒன்பது வயதில் அந்த மண்ணை வைத்துத்தான் என் அண்ணனை ஏமாற்றினேன்.

அண்ணன் சுடலைமுத்து எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவன். கோவில்பட்டியில் "தீப்பெட்டி ஆபீசில்", அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தான். உடன் வேலை பார்த்த எட்டயபுரத்துத் தங்கராசு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா அவருக்கும் சேர்த்தே உலை வைப்பாள். அண்ணனுக்குப் பெண் பார்த்துப் பரிசம் போட நாள் குறித்தபோது, "எனக்குக் கல்யாணம் வேண்டாம், நான் தங்கராசு கூடத்தான் இருப்பேன்" என்று அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா முதலில் சிரித்தாள். "கூட்டாளிய ஆருலே வேண்டாங்கா? ஒருத்தியக் கெட்டிக்கிட்டு அவனையும் வச்சுக்கோ." அவன் தலைகுனிந்து, அப்படியில்லை என்று விளக்கிச் சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை. இப்போது டிவியில் அதற்குத் தன்பாலீர்ப்பு என்று மரியாதையாகப் பெயர் சொல்கிறார்கள். அன்று எங்கள் தெருவில் இருந்த வார்த்தைகளை நான் எழுத மாட்டேன்.

அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, எங்கள் குலசாமியான கருப்பசாமிக்குச் சாமியாடி. அந்தப் பங்குனி உத்திரத்தில் ஆடி முடித்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் திருநீறு போட்டுக்கொண்டே வந்தவர், அண்ணன் முன்னால் வந்ததும் கையை மூடிக்கொண்டார். அண்ணன் ஏந்திய கையை இறக்காமல் நின்றான். "சாமியே கைய மூடிட்டு. இனிமே இவன் எங்கன போயி நிப்பான்?" என்றார் பெரியப்பா. மூடியது சாமியா, பெற்ற தகப்பனா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன் தூத்துக்குடிக்குப் புறப்பட்டான். தங்கராசு அங்கே வீடு பார்த்து வைத்திருந்தார். பஸ் நிற்கிற இடத்தில் என்னைக் கூப்பிட்டு, மஞ்சள் துணி ஒன்றைக் கையில் கொடுத்தான். "ஏலே, கோயில்ல போயி ஒரு பிடிமண் எடுத்துட்டு வா. என்னைய உள்ள விட மாட்டாவ." ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயில் மண்ணில் ஒரு பிடி கொண்டுபோய், போன இடத்தில் அதையே சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டை விட்டவன் சாமியை விட மனமில்லாமல் கேட்டான்.

கோயில் வாசல்வரை ஓடினேன். உள்ளே அய்யா உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டால் எனக்கும் அந்தக் கை மூடிக்கொள்ளும் என்று பயந்து திரும்பி, வழியில் எங்கள் பருத்திப் புஞ்சையில் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்துகொண்டேன். அண்ணன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அய்யா பாக்கலியே?" என்றான். "இல்ல" என்றேன். அன்று நான் அவனிடம் கொடுத்ததிலும் சொன்னதிலும் அது ஒன்றுதான் உண்மை.

அவன் சம்பளம் நின்றதால் அடுத்த வருஷம் நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. அய்யாவும் அம்மாவும் காலமான பிறகும் நான் தூத்துக்குடிக்குப் போகவில்லை. கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; அந்த மண்ணைப் பார்க்கத்தான் பயம்.

போன மாசியில் தங்கராசு அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, அண்ணன் போயிட்டாவ." அன்றுதான் தூத்துக்குடிக்குப் போனேன். காரியமெல்லாம் முடிந்து, தலை நரைத்துப்போன அவர் பூஜை அலமாரியிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே அந்த மண், திருநீறு பூசி, காய்ந்த பூவோடு இருந்தது. அவரே சொன்னார்.

"நாங்க இங்கன வந்த வருசம் ஐப்பசி மழையில சாரல் பட்டு இதுல ஒரு பருத்தி மொளச்சிச்சி தம்பி. அண்ணன் பாத்துட்டு அப்படிச் சிரிச்சாவ. 'கோயில்ல ஏதுவே பருத்தி? சின்னப்பய பயந்துபோயி நம்ம புஞ்சையில அள்ளிருக்கான்'னாவ. வேற மண்ணு எடுத்தாரச் சொல்லுவமான்னேன். 'வேண்டாம், எந்தம்பி கையால தந்தது. சாமி இதுல வந்து இருந்துக்கிடட்டும்'னுட்டாவ. நீங்க எங்கன அள்ளுனீங்களோ, அங்கனயே சேத்துருங்க."

சேர்க்க இடமில்லை. அந்தப் புஞ்சையை விற்றாகிவிட்டது. இப்போது அங்கே கம்பி வேலிக்குள் சோலார் தகடுகள் நிற்கின்றன. கோயிலுக்குள்ளும் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், ஒரு பிடி மண் எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. செம்பு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நேற்று உத்திரம். இப்போது சாமியாடுகிற பெரியப்பா மகன் என் கையில் திருநீறு போட்டார். வாங்கிக்கொண்டு இன்னொரு கையையும் நீட்டினேன். "இது ஆருக்குவே?" என்றார். "சுடலைமுத்துக்கு" என்றேன். அந்தப் பெயர் கோயிலுக்குள் எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. இதற்காகவா அண்ணன் அன்று அவ்வளவு நேரம் கையேந்தி நின்றான் என்று நினைத்தபோது, என்னால் வரிசையை விட்டு நகர முடியவில்லை.

எழுதி முடித்தது: பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், அண்ணன் பஸ் ஏறிய நாள்.