இரஞ்சிதம் போடாத கையெழுத்து

ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்ய வேண்டியது யார், அரசாங்கமா, அவருடைய மனைவியா?

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நார்த்மீட் பஸ் தரிப்பில் வைத்து, என்னோடு படித்த சிவாஜினி என்னிடம் இப்படிக் கேட்டாள். அது அவளுடைய அம்மா இரஞ்சிதத்தைப் பற்றிய கேள்வி என்பதே பிறகுதான் விளங்கியது.

இரஞ்சிதத்துக்கு நாற்பத்துமூன்று வயது. குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் சமைக்கிறார். ஐம்பது பிள்ளைகளில் யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்க்காமலே சொல்லுவார். தினமும் காலையில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். கணவர் இருக்கிறார் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

கணவர் மகேந்திரராஜா இயக்கத்துக்கு ஒரு வருடம் லொறி ஓட்டியவர். பிடித்துக்கொண்டு போய் ஓட்ட வைத்தார்கள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததும், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியலாம், விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் தயங்கி நின்றார். இரண்டு வயதுச் சிவாஜினியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரஞ்சிதம்தான் சொன்னார்: "பதிஞ்சு போட்டு வாங்கோ. எல்லாரும் போகினம்தானே."

அவர் பதிந்துவிட்டு, இராணுவத்தினர் காட்டிய பஸ்ஸில் ஏறினார். திரும்பி வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து கிராம சேவகர் மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரஞ்சிதமும் மாமியாரும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த வருடம் தாயும் மகளும் படகேறி, அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்தார்கள். மாமியார் அங்கேயே நின்றார். இன்று வரை அவர் கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில், காணாமல் போன மற்றவர்களின் தாய்மாரோடு, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

2016இல் அகதி விண்ணப்பத்துக்கான நேர்முகம் நடந்தது. கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். "இலங்கையில" என்றார் இரஞ்சிதம். உயிரோடு இருக்கிறாரா? "இருக்கிறார்."

கொண்டுபோனவர்கள் வைத்திருக்கத்தானே வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. இல்லை என்று தன் வாயால் சொன்னால், அந்த அறையில் வைத்துத் தானே அவரைக் கொன்றது போல ஆகிவிடும். ஆனால் சட்டம் அந்த ஒரு சொல்லை வேறு விதமாக எடுத்தது. மறுப்புக் கடிதத்தில் இருந்தது இதுதான்: விண்ணப்பதாரர் துணையில்லாத பெண் அல்ல, திரும்பிப் போனால் கணவர் இருக்கிறார். மேல்முறையீட்டிலும் நீதிமன்றத்திலும் அந்த வரி அசையவில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது அமைச்சருக்கு அனுப்பும் கருணை மனு ஒன்றுதான். மார்ச்சில் விசா முடிகிறது. சிவாஜினிக்குத் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதான கையோடு அவளுடைய விசாவில் படிக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை ஏறிவிட்டது.

இலவசமாக வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஆங்கிலத்தில் சொல்ல, கும்பகோணத்துக்காரரான பார்த்தசாரதி மொழிபெயர்த்தார்.

"அம்மா, அவர் இறந்துட்டார்னு ஒரு பிரமாணப் பத்திரம், உங்க சத்தியக் கடதாசி. நீங்க அதுல கையெழுத்துப் போட்டா, தனியா இருக்கிற பொண்ணுன்னு மனுவை எழுதலாம். பதினாறு வருஷம் ஆச்சும்மா."

"வருசம் எனக்கும் தெரியும் தம்பி."

"தப்பா சொல்லலம்மா."

"ஓம். நீங்கள் என்ன செய்யிறது."

அன்று பின்னேரம் மாமியாருக்குத் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் லொறிகள் போகும் இரைச்சலுக்குள் மாமியாரின் குரல் வந்தது.

"அவங்கள் தந்த சேர்ட்டிபிக்கேட்டை நான் வேண்டாமெண்டனான். நீ அங்கையிருந்து எழுதிக் குடுக்கப் போறியோ?"

"பிள்ளையின்ர படிப்பு மாமி..."

"உனக்குப் பிள்ளை. எனக்கும் அவன் பிள்ளைதான்."

அதோடு தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தடவை எடுத்தும் மாமியார் எடுக்கவில்லை.

ஆனாலும் இரஞ்சிதம் போனார். பரமட்டா நூலகத்தில் சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சி வைக்கும் சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு இருந்தார். வயதான வெள்ளைக்காரர். எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். சிவாஜினி மொழிபெயர்த்தாள்.

"இதில இருக்கிறதெல்லாம் உண்மையோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

"என்ன எழுதியிருக்கு? வாசி."

"தெரியும்தானே."

"நீ வாசி பிள்ளை."

சிவாஜினி கடதாசியைப் பார்த்தாள். தகப்பனின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. விரலை வரியின் கீழ் வைத்துச் சொன்னாள்: "அப்பா செத்துட்டார் எண்டு."

இரஞ்சிதம் பேனையைக் கையில் எடுத்தார். எடுத்த பேனை கடதாசிக்கு மேல் அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாது எண்டு அவரிட்டச் சொல்லு."

"அம்மா, பின்னால ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். தெரியாது எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். தெரியாததற்குத் தான் சாட்சி வைக்க முடியாது என்று அந்த மனிதர் மெல்லச் சொல்லி, கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சிவாஜினி வெடித்தாள். "இருக்கிறார் எண்டு சொல்ல ஏலும். செத்துட்டார் எண்டு சொல்ல ஏலாதோ? ரெண்டும் தெரியாமல் சொல்றதுதானே!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பஸ் ஏத்தினவளும் நான்," என்றார் இரஞ்சிதம். "கொள்ளி வைக்கிறதும் நானோ?"

"அப்ப நான்? எனக்கு என்ன அம்மா?"

இரஞ்சிதம் மகளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் உதறிவிட்டாள்.

அடுத்த கிழமை கடதாசியை மாற்றி எழுதினார்கள். கணவரைப் பற்றி அந்த மே மாதத்துக்குப் பிறகு எதுவும் தெரியாது, இருக்கிறார் என்று நேர்முகத்தில் சொன்னது தன் நம்பிக்கை மட்டும்தான். அதில் இரஞ்சிதம் கையெழுத்துப் போட்டார். பார்த்தசாரதி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "உண்மைதாம்மா. ஆனா பலம் பத்தாது. பஸ்ஸுக்கு அப்புறம் அவரைப் பாத்தவங்க ஒருத்தராவது இருந்தா வேற மாதிரி."

பதினாறு வருடத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. மனு போய்விட்டது. தாயும் மகளும் ஒரே வீட்டில் அளந்து பேசிக்கொண்டு இருக்கிறார்கள்.

மகேந்திரராஜா உயரமானவர், மெலிந்தவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். பஸ் ஏறிய அன்று நீலச் சாரமும் வெள்ளை பெனியனும் உடுத்திருந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னர் வட்டுவாகல் பாலத்தடியில் ஏறினார். இதை வாசிக்கும் நீங்கள் மெல்பேர்னில், ரொறன்ரோவில், வவுனியாவில் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். அவர்களை இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த பஸ்ஸில் இருந்து உயிரோடு இறங்கிய யாராவது ஒருவரின் காதில், மார்ச் மாதத்துக்கு முன் இது விழ வேண்டும்.