டிரஸர் வீட்டு வேலி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஓர் எஸ்டேட்டில் அப்பா ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். எண்பதுகளின் தொடக்கம். அந்த வருடக் கடைசி விடுமுறையில், பெரியக்காவின் பிரசவத்துக்காக அம்மா கிள்ளானுக்குப் போய்விட்டார். கிராணி மகள் லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்பா ஆபீசுக்குப் போய்விட்டால், பகல் முழுக்க நானும் சுவர்க் கடிகாரமும்தான்.

பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா ஒருநாள் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே செம்பருத்தி வேலி. பக்கத்து வீட்டில் இருந்தவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரஸர். காட்டுக்கொடி ஏறி, செம்பருத்தி இருப்பதே தெரியாமல் வேலியைப் போர்த்தியிருந்தது.

"அறுக்காத, வேரோட புடுங்கு. துண்டு விழுந்தாலும் மொளைச்சிரும்," என்றார் அப்பா.

மூன்றாம் நாள் ஒரு கொடியை இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள். போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். சிரிப்புச் சத்தம்.

"பயந்துட்டியா பாப்பா?"

டிரஸரின் புது மனைவி. செரண்டாவிலிருந்து கல்யாணமாகி வந்து நான்கு மாதமாகியும் வாசலில்கூட அவரைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து, டிரஸர் வேலைக்குக் கிளம்பியதும் வேலியின் கோடி மூலைக்கு வருவார். இலைகளுக்குள் கையை விட்டு வறுத்த கடலை கொடுப்பார். தங்கைகளின் சண்டைகளைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கண், கொஞ்சம் கன்னம், வளையல் போட்ட கை.

பிடுங்கிக்கொண்டே அந்த மூலைக்கு வந்துவிட்டேன்.

"இத மட்டும் விட்டுரு பாப்பா. இப்படியே இருக்கட்டும்லா."

"ஏன்க்கா?"

"பச்சையா அழகா இருக்குல்ல."

எனக்கோ அவர் முகத்தை முழுசாகப் பார்க்க ஆசை. மறுநாள் அவர் வருவதற்குள் மூலையையும் பிடுங்கி முடித்தேன். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். எதையோ மறந்து திரும்பி வந்த டிரஸர், மோட்டார் சைக்கிளை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போ," என்றார் மனைவியிடம். சத்தம்கூடப் போடவில்லை.

அடுத்த நாள் ஆட்கள் வந்து வேலி நெடுகத் தகரம் அடித்தார்கள். இனி கொடி நம் பக்கம் வராது என்று அப்பாவுக்குத் திருப்தி.

அதன்பிறகு டிரஸர் வீட்டு அக்கா வரவேயில்லை. சொல்பேச்சு கேட்காததால் என்மேல் கோபம் என்று நினைத்தேன். ஒரு கொடிக்காக இவ்வளவா என்று எனக்கும் கோபம் வந்தது. நாலைந்து நாள் கழித்து, தகரத்தின் மறுபக்கம் மெதுவாக இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி இரண்டு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றால் முதலில் அவரே பேசட்டும் என்று இருந்தேன். வாய்விட்டுப் பேச முடியாததால்தான் தட்டுகிறார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.